திடீர்னு கட் ஆகும் டிஜே... ஏறிக்கிட்டே போகும் வால்யூம்! வடசென்னை ஃபங்ஷன்களில் என்னதான் நடக்குது?

போன மாசம் திருவொற்றியூரில் சொந்தக்காரப் பையனோட ரிசப்ஷன். மண்டபம் சின்னது. அதனால் டிஜேயை வாசலுக்கு வெளியே தெருவிலேயே செட் பண்ணியிருந்தார்கள். ஒரு குட்டி யானை, அதன் மேல் நாலு பெரிய பேஸ் பாக்ஸ், பின்னால் ஜெனரேட்டர், நடுவில் லேப்டாப்போடு ஒரு தம்பி. கானா ரீமிக்ஸ் ஒன்று ஏறி ஏறி உச்சத்துக்குப் போய், எல்லோரும் கையைத் தூக்கிக் குதிக்கத் தயாரான அந்த நொடியில்... சத்தம் கட்!

மொத்தக் கூட்டமும் "ஓ"ன்னு கத்தியது. தம்பி ஒரு ஒயரைப் பிடுங்கினான், சொருகினான், இன்னொன்றைத் தட்டினான். அந்த நாற்பது செகண்டில்தான் தெருவோட மற்ற சத்தங்கள் எனக்குக் கேட்டன. மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன். எதிர் வீட்டு மாடியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அழுகிறது என்று கீழே இருந்த யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் சத்தம் திரும்பி வந்தது. மெதுவாக இல்லை, ஃபுல் வால்யூமில், 'டம்' என்று. பாக்ஸுக்கு முன்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து படுத்தும் என் காதில் 'ஙொய்'ங்கிற சத்தம் நிற்கவில்லை. மறுநாள் மதியம்தான் அடங்கியது. இது உங்களுக்கும் நடந்திருக்கும். காசிமேட்டில், ராயபுரத்தில், எர்ணாவூரில் வளர்ந்த யாருக்கும் இது புதுசு இல்லை. நாமும் 'செம சவுண்டு மச்சான்'னு சொல்லிட்டுப் போயிடுவோம்.

டிஜே சத்தம் திடீரென்று கட் ஆவதையும், வால்யூம் அளவுக்கு மீறிப் போவதையும் நாம் ரெண்டு தனித்தனிப் பிரச்னையாகப் பார்க்கிறோம். முதலாவது டெக்னிக்கல், ரெண்டாவது 'அக்கம்பக்கத்து ஆளுங்க கம்ப்ளெயின்ட்'. ஆனால் பெரும்பாலான நேரம் ரெண்டும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு சிஸ்டத்தால் தாங்க முடிந்ததைவிட அதிகமாக அதைப் பிழிவது. அதனால் கட் ஆகாமல் வாசிக்கத் தெரிந்த டிஜேக்களில் பலர், காதைக் கெடுக்காமலும் வாசிப்பார்கள்.

இதை இப்போது பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. நாட்டின் மற்ற பெருநகரங்களில் 'டிஜே'ங்கிற வார்த்தையே போலீஸ் உத்தரவுகளில் வர ஆரம்பித்துவிட்டது.

ஹைதராபாத்தில் தடை, மும்பையில் ஆர்டர்

2024 அக்டோபர் 1ஆம் தேதி, ஹைதராபாத் மாநகர போலீஸ் மத ஊர்வலங்களில் டிஜே சவுண்டு சிஸ்டங்களுக்கு ஒரேயடியாகத் தடை போட்டது. கூடவே பட்டாசுக்கும். எந்த மதத்தின் ஊர்வலம் என்று பிரிக்கவில்லை, எல்லாவற்றுக்கும்தான். விநாயகர் ஊர்வலமும் மிலாடி நபி ஊர்வலமும் அடுத்தடுத்து நடந்து முடிந்த சில நாள்களில் வந்த உத்தரவு அது.

2025 ஜனவரி 23ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைச் சொன்னது. குர்லா பகுதிக் குடியிருப்போர் சங்கங்கள் தொடர்ந்த வழக்கு. ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் அத்தியாவசியமான அங்கம் இல்லை என்றது நீதிமன்றம். அது மட்டும்தான் தலைப்புச் செய்தி ஆனது. என்னைக் கேட்டால், அதைவிட முக்கியமான விஷயம் அதே தீர்ப்பில் இன்னொரு இடத்தில் இருக்கிறது. ஒலி ஒரு அளவுக்கு மேல் போகாதபடி கருவியிலேயே கட்டுப்பாடு வைக்கச் சொல்வது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. டிஜே மொழியில் சொன்னால், லிமிட்டர்.

இந்த ரெண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒன்று, பெட்டியையே தூக்கிவிடுவது. இன்னொன்று, பெட்டிக்குள் ஒரு பூட்டுப் போடுவது. முதல் வழியில் போனால் அடி விழுவது யாருக்கு? ஸ்டார் ஹோட்டல் டிஜேவுக்கு இல்லை. கடன் வாங்கி ரெண்டு பாக்ஸும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கி, சனி ஞாயிறு ஃபங்ஷனை நம்பி இருக்கிற சவுண்ட் சர்வீஸ் பசங்களுக்கு. வடசென்னையில் ஏரியாவுக்கு ஏரியா அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன.

சட்டம் ஒன்றும் புதுசு இல்லை. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் வந்தது 2000ஆம் ஆண்டில். அதன்படி பகலில் (காலை 6 முதல் இரவு 10 வரை) குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65, தொழிற்சாலைப் பகுதிக்கு 75. இரவில் முறையே 45, 55, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் 'அமைதி மண்டலம்', பகலிலேயே 50தான். ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் மூடிய அரங்கத்துக்குள் தவிர வேறெங்கும் கூடாது. திருவிழா, கலாசார நிகழ்ச்சிகளுக்கு மாநில அரசு நினைத்தால் வருஷத்துக்கு 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி வரை விலக்குத் தரலாம்.

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் சத்தம், அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது, அல்லது 75ஐத் தாண்டக் கூடாது. ரெண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. குடியிருப்புத் தெருவில் பகல் கணக்கு 65 டெசிபல். மீறினால் கருவிகளைப் பறிமுதல் செய்து 10,000 ரூபாய் வசூலிக்கலாம் என்று 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொகை நிர்ணயித்தது. தமிழ்நாட்டில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை, பெட்டி வடிவம் மட்டும்தான் என்பது தனி.

மாதவரம் நெடுஞ்சாலை வழக்கு

இந்த விவகாரத்தில் நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுகிற ஒரு தீர்ப்பு நம்ம வடசென்னைக்காரங்க போட்ட வழக்கில் வந்தது. இது நிறைய பேருக்குத் தெரியாது.

மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகர். அங்கே ஒரு பெந்தெகொஸ்தே சபை. டிரம் செட், கிட்டார் எல்லாம் வைத்துப் பாடி ஜெபம் செய்வார்கள். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கம் புகார் கொடுத்தது. உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2000 ஆகஸ்ட் 30ஆம் தேதி நீதிபதிகள் எம்.பி.ஷா, எஸ்.என்.புக்கான் அமர்வு சொன்னது இதுதான்: மற்றவர்களின் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோதான் ஜெபிக்க வேண்டும் என்றும் இல்லை. சபையின் மேல்முறையீடு தள்ளுபடி. அதற்குப் பிறகு கோயில், மசூதி, சர்ச், கல்யாண மண்டபம் என்று எந்த ஒலிபெருக்கி வழக்கு வந்தாலும் இந்தத் தீர்ப்பை எடுத்து வைக்காமல் இருக்க மாட்டார்கள்.

அதே வழக்கில் ஒரு சின்னத் தகவல் இருக்கிறது. 1996இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த இடத்தில் போய்ச் சத்தத்தை அளந்தது. அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? ஒலி மாசுக்குக் காரணம் மாதவரம் நெடுஞ்சாலையில் போகிற வண்டிகள் என்று!

சபை பக்கமும் நியாயம் இருக்கிறதோ, சங்கத்துப் பக்கமும் நியாயம் இருக்கிறதோ, அது வேறு. எனக்கு இதில் தெரிவது வடசென்னையின் அடிப்படைச் சிக்கல். இங்கே சைலன்ஸ் என்பதே இல்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி, ரயில், தொழிற்சாலை ஷிஃப்ட் சங்கு, ஜெனரேட்டர் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் வால்யூமை ஏற்று என்பதுதான் நம் பழக்கம். ராயபுரத்தில் ஒரு சின்ன ஃபங்ஷனுக்குக்கூட நாலு பாக்ஸ் கேட்பதன் பின்னால் வெறும் கெத்து மட்டும் இல்லை.

2005 ஜூலை 18ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத்தின் பெரிய ஒலி மாசுத் தீர்ப்பின் ஆரம்பம் இன்னும் கொடூரமானது. பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல், பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கிப் பாட்டில் யாருக்கும் கேட்காமல் போனது. 1998இல் பத்திரிகையில் அதைப் படித்த ஒரு பொறியாளர் போட்ட பொதுநல வழக்கு அது. எதிர் வீட்டு மாடியில் அழுத குழந்தையை நினைத்தபோது எனக்கு அந்தத் தீர்ப்பின் முதல் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

சரி, சத்தம் ஏன் கட் ஆகுது?

டிஜே பண்ணுகிற, பண்ண ஆசைப்படுகிற தம்பி தங்கைகள் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிங்க. சத்தம் போனதும் எல்லா ஒயரையும் பிடுங்குவதுதான் நாம் செய்கிற முதல் தப்பு. உண்மையில் முதல் வேலை, மாஸ்டர் வால்யூமைக் கீழே இறக்குவது. திரும்பி வரும்போது அந்தப் பாட்டிக்கு நடந்தது நடக்கக் கூடாது இல்லையா?

ரெண்டாவது, கையை எடுத்துவிட்டு லைட்டைப் பாருங்க. லேப்டாப் சாஃப்ட்வேரில் மீட்டர் ஆடுகிறதா? கன்ட்ரோலரில்? மிக்சரில்? ஆம்ப்ளிஃபயரில் சிக்னல் லைட் மின்னுகிறதா? எந்த இடம் வரை லைட் ஆடுகிறதோ அது வரை சத்தம் வந்திருக்கிறது. எங்கே நிற்கிறதோ, அதற்கும் அதற்கு முந்தைய பெட்டிக்கும் நடுவில்தான் கோளாறு. இதைப் பார்க்க பத்து செகண்ட் போதும்.

சாஃப்ட்வேர் மீட்டரே நின்றுபோய், பாட்டு உறைந்து நிற்கிறது என்றால் குற்றவாளி லேப்டாப். விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யூ.எஸ்.பி. போர்ட்டைத் தூங்க வைத்துவிடும். பவர் செட்டிங்கில் அந்த 'யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' வசதியை ஆஃப் பண்ணுங்க. வைஃபை, புளூடூத், ஆட்டோ அப்டேட் மூன்றையும் அணைத்துவிட்டு வாசிங்க. கன்ட்ரோலரை ஹப் வழியாக இல்லாமல் நேரடியாக லேப்டாப்பில் சொருகுங்க. சத்தம் முழுசாக நிற்காமல் 'டிக் டிக்'னு வெட்டி வெட்டி வருகிறது என்றால் பஃபர் அளவு போதவில்லை. 256இல் இருந்தால் 512 ஆக்குங்க. 44,100 சாம்பிள் ரேட்டில் 256 என்பது சுமார் 6 மில்லி செகண்ட், 512 என்பது 12 மில்லி செகண்ட் தாமதம். ஸ்க்ராட்ச் பண்ணுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியலாம். ரிசப்ஷனில் ஆடுகிற மாமாவுக்குச் சத்தியமாகத் தெரியாது. பேஸ் பாக்ஸ் இருக்கிற வண்டியின் மேலேயே லேப்டாப்பை வைப்பதும் தப்பு. அதிர்வில் யூ.எஸ்.பி. முனை தளர்ந்துவிடும். ஒரு ஸ்பாஞ்ச் துண்டு கூடப் போதும்.

மீட்டரெல்லாம் ஆடுகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வரவில்லை, ஒயரை அசைத்தால் வருகிறது என்றால்? வாழ்த்துகள், நீங்க கடலோரத்தில் வாசிக்கிறீங்க. உப்புக் காற்று பின் முனைகளைப் பச்சைப் பச்சையாக அரித்துவிடும். காசிமேட்டில் ஆறு மாசம் வெளியே கிடந்த கேபிளையும் அதே ஆறு மாசம் அம்பத்தூரில் கிடந்த கேபிளையும் பக்கத்தில் வைத்தாலே தெரியும். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, காற்றுப் புகாத டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட். செலவு ஒரு பாக்ஸ் ஸ்பீக்கர் கோன் விலையில் கால்வாசிகூட இல்லை.

ஆம்ப்ளிஃபயரில் சிவப்பாக 'புரொடெக்ட்' லைட் எரிந்து சத்தம் போய், பத்து நிமிஷம் கழித்துத் தானாக வருகிறதா? அது கோளாறே இல்லை. 'என்னை விட்டுடுடா'ன்னு ஆம்ப் கெஞ்சுவது. ரெண்டு காரணம் பெரும்பாலும். ஒன்று சூடு. எண்ணூர் பக்கத்துச் சாம்பல் தூசி ஃபேன் வலையை அடைத்துவிடும், அதோடு மே மாச வெயில். இன்னொன்று, 'இன்னொரு பாக்ஸ் சேத்து மாட்டு' என்கிற வியாதி. 8 ஓம் பாக்ஸ் ரெண்டை ஒரே சேனலில் பேரலலாக மாட்டினால் 4 ஓம். நாலு மாட்டினால் 2 ஓம். 4 ஓம் வரைதான் தாங்கும் என்று பின்னால் எழுதியிருக்கிற ஆம்ப், 2 ஓமில் இரட்டிப்புக் கரன்ட்டைத் தள்ள முயன்று மூச்சுத் திணறி நின்றுவிடும்.

பேஸ் அடிக்கும்போதெல்லாம் சீரியல் லைட் மங்குகிறதா? அப்போ பிரச்னை ஜெனரேட்டரிலோ மெலிசான எக்ஸ்டென்ஷன் ஒயரிலோ. ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஆம்ப் திடீரென்று கரன்ட்டை இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, மிக்சர் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. மிக்சருக்கும் கன்ட்ரோலருக்கும் மட்டும் ஒரு சின்ன யூ.பி.எஸ். போட்டால் இந்த விளையாட்டு நிற்கும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். 'உம்'முன்னு இரைச்சல் வருகிறது என்று பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் இருக்கிறது பாருங்க, அதை விட்டுடுங்க. இரைச்சல் போகும். மைக்கைப் பிடித்தவரும் போய்விடலாம். ஊர்வல வண்டியில் பாக்ஸை அடுக்கும்போது மேலே ஒயர் எவ்வளவு உயரத்தில் போகிறது என்றும் பாருங்க. 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

சிவப்பு லைட்டில்தான் எல்லாக் கதையும்

இப்போது வால்யூம். கட் ஆவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்னு கேட்டீங்களே?

டிஜே மிக்சரில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு லைட் இருக்கும். சிவப்பு என்றால் 'செம பவர்' என்று நினைக்கிறார்கள். சிவப்பு என்றால் அலையின் தலை வெட்டப்படுகிறது என்று அர்த்தம். வட்டமான அலை, மேலே தட்டையாகி, சதுரமாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. அதில் வருகிற கூடுதல் உயர் அதிர்வெண் சத்தம்தான் ட்வீட்டரை முதலில் எரிக்கும். நம் காதிலும் அதே உயர் அதிர்வெண் பகுதிதான், சுமார் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், முதலில் அடிவாங்கும். சிவப்பில் ஓட்டினால் ஆம்ப் சூடாகி புரொடெக்டுக்குப் போகிறது, ட்வீட்டர் எரிகிறது, காது கெடுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தில்.

பின்னே எப்படித்தான் வைப்பது? மிக்சரில் ஒவ்வொரு பாட்டின் கெயினையும் பச்சையின் உச்சியில், எப்போதாவது ஆரஞ்சைத் தொடுகிற மாதிரி வைங்க. மாஸ்டரை அதன் நடு அளவில் வைங்க. அதற்கப்புறம் ஆம்ப்ளிஃபயரை சைபரிலிருந்து மெதுவாக ஏற்றி, இடத்துக்குத் தேவையான சத்தம் வந்ததும் நிறுத்துங்க. அந்த இடத்தில் ஆம்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. அதற்கு மேல் அன்றிரவு யாரும் தொடக் கூடாது. லிமிட்டர் வசதி இருந்தால் அங்கேயே பூட்டுங்க. ஆன் பண்ணும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் பண்ணும்போது ஆம்ப் முதல்.

ஸ்டிக்கர் எதற்கு என்றால், உங்க காதே உங்களை ஏமாற்றும். சத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றால் காது தற்காலிகமாக மந்தமாகும். 9 மணிக்குச் சரியாகக் கேட்ட அதே வால்யூம் 10 மணிக்குக் 'கம்மி'யாகத் தோன்றும். கொஞ்சம் ஏற்றுவீங்க. காது இன்னும் மந்தமாகும். இன்னும் ஏற்றுவீங்க. புதுசாக உள்ளே வருகிறவருக்கு மட்டும்தான் அது நரகம் என்று தெரியும். டிஜேக்கு நல்ல ஆலோசகர் யார் என்றால், அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்குகிற சொந்தக்காரர்தான்.

இன்னொரு கணக்கு. ஆம்ப் வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 'டபுள் சத்தம்' என்று காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 'வாட்ஸ் ஏத்துப்பா'ன்னு கேட்கிற பார்ட்டிக்கு இதைச் சொல்லிப் பாருங்க. அதைவிட, பாக்ஸைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, ஆடுகிற கூட்டத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சாய்த்தால் குறைந்த வால்யூமிலேயே நிறைந்து கேட்கும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் அடிக்கிற பாக்ஸ், 8 மீட்டரில் 92, 32 மீட்டரில் 80, 128 மீட்டரில்தான் 68. மறுபடியும் அந்த 65 டெசிபல் விதியை ஞாபகப்படுத்திப் பாருங்க. பத்தடிச் சந்தில், ரெண்டு பக்கமும் சுவரில் மோதித் திரும்புகிற இடத்தில், இந்தக் குறைவுகூடக் கிடைக்காது. உண்மையைச் சொல்லணும்னா, ராயபுரம் சந்து ஒன்றில் டிஜே பாக்ஸ் வைத்துவிட்டு சட்டத்துக்கு உட்பட்டு வாசிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். விதியைப் போட்டவர்களுக்கும் தெரியும், பர்மிஷன் கொடுப்பவர்களுக்கும் தெரியும். அதனால் அனுமதிச் சீட்டில் இருக்கிற எண்ணை யாரும் அளப்பதில்லை. யாராவது 100க்குக் கூப்பிட்டால் போலீஸ் வரும், நிறுத்தச் சொல்லும். எவ்வளவு டெசிபல் என்ற பேச்சே வராமல் ராத்திரி முடியும். சட்டம் இப்படி 'எல்லாம் தப்பு' என்ற நிலையில் இருக்கும்போது, 90இல் வாசிக்கிறவனும் 115இல் வாசிக்கிறவனும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். பொறுப்பாக வாசிக்க எந்த ஊக்கமும் இல்லை. ஹைதராபாத் மாதிரி ஒரேயடித் தடை இதை இன்னும் மோசமாக்கும் என்பது என் கருத்து. மும்பை சொன்ன லிமிட்டர் வழிக்கு இங்கே யாராவது ஒரு காவல் நிலையத்தில் பிள்ளையார் சுழி போட்டால் தேவலை.

வீட்டுக்காரர்கள் 'சுவரே அதிருது'ன்னு சொல்வதும் பொய் இல்லை. சட்டம் அளக்கிற 'ஏ' வகை டெசிபல், 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் கணக்கிடும். மீட்டரில் நல்ல பிள்ளையாகத் தெரிகிற பாட்டு, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை ஆட்டிக்கொண்டிருக்கும். 9 மணிக்கு மேல் பேஸை மட்டும் கொஞ்சம் இறக்கினாலே பாதிப் புகார் குறையும்.

காதுக்கும் பேங்க் பேலன்ஸ் உண்டு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் பாட்டுக் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம். 100 என்றால் சுமார் 20 நிமிஷம். வாரத்துக்கு! ஒரு ரிசப்ஷன் பாதிகூட முடியாது.

2022 மார்ச்சில் அதே நிறுவனம் கிளப், கச்சேரி, டிஜே நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு தர நிர்ணயம் வெளியிட்டது. 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஒருத்தர் உட்கார்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான ஓரிடம் வேண்டும். நம்மூர் மண்டபத்தில் இதில் கடைசி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, டைனிங் ஹால். அங்கேயும் ஒரு பாக்ஸ் வைக்காமல் இருந்தால் சரி.

இதில் வடசென்னைக்கென்று ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, லேலண்ட் என்று தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த ஏரியா இது. இந்தியத் தொழிற்சாலை மாதிரி விதிகள் 8 மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. பாட்டுக் கேட்பதற்கான கணக்கில் பார்த்தால் 90 டெசிபலில் வாரம் முழுக்கவே 4 மணி நேரம்தான் என்றோமே? சத்தமான பட்டறையில் அந்த அளவுக்கு ஒரு ஷிஃப்ட் பார்த்தவர், ஒரே நாளில் ரெண்டு வாரத்துக்கான பேலன்ஸை எடுத்துவிட்டார். அவர் சனிக்கிழமை ராத்திரி பாக்ஸுக்கு முன்னால் ஆடினால், அது ஓவர்டிராஃப்ட். உள் காதில் இருக்கிற முடி செல்கள் ஒரு தடவை செத்தால் மறுபடி முளைக்காது. அதனால் இந்த பேங்கில் டெபாசிட் வசதி கிடையாது.

டிஜேக்களுக்கு: ஹெட்ஃபோனில் ஒரு காது, மானிட்டரில் ஒரு காது என்று மணிக்கணக்கில் நிற்கிற உங்களுக்குத்தான் முதல் ஆபத்து. இசைக்கலைஞர்களுக்கென்று ஃபில்டர் வைத்த காதடைப்பான் இருக்கிறது, பாட்டு மங்காமல் மொத்தமாகக் குறைக்கும். வாங்க முடியாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஃபோம் அடைப்பானாவது போடுங்க. ஃபோன் ஆப்பில் டெசிபல் பார்க்கலாம், ஆனால் பெரிய சத்தத்தில் ஃபோன் மைக் திணறிவிடும். அதைத் தோராயமாக மட்டும் நம்புங்க. கையில் எதுவும் இல்லையா? கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் அளவு தாண்டிவிட்டது.

ஆட வருகிறவர்களுக்கு: குழந்தையோடு பாக்ஸ் முன்னால் நிற்காதீங்க. கொஞ்ச தூரம் தள்ளி ஆடினாலும் அதே ஸ்டெப்தான். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் வெளியே போய் டீ குடிங்க.

காதில் இரைச்சல் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை, இல்லை பேச்சில் 'ஸ', 'ச' எழுத்துகள் சரியாகக் கேட்கவில்லை என்றால் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்க. ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனால் போதும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் 'காலையில பாத்துக்கலாம்'னு தூங்காதீங்க. அன்றைக்கே போங்க. சிகிச்சைக்கு நாள் தள்ளத் தள்ள பலன் குறையும்.

அந்த ரிசப்ஷன் தம்பியை அப்புறம் பார்த்தேன். கேபிள் முனையைத் திருப்பிக் காட்டினான், பச்சை படிந்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் பெயரை ஃபோனில் குறித்துக்கொண்டான். கிளம்பும்போது ஒரு கால் வந்தது, அடுத்த வார ஃபங்ஷன் பார்ட்டி. எதிர்முனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி ஸ்பீக்கர் ஆன் பண்ணாமலே எனக்குக் கேட்டது: "எத்தனை பாக்ஸ் எடுத்துட்டு வருவ?"